வீனஸ் ஈப்பொறிச் செடியை இலையிலிருந்து பெருக்குதல்

இலையிலிருந்து செடி முளைக்கும் என்பது நம் மாணவர்களுக்குப் புதிய செய்தி அன்று. ரணகள்ளியின் இலை ஒன்றை ஈரமண்ணில் போட்டுவைத்தால், சில நாட்களில் அதன் விளிம்பிலுள்ள பள்ளங்களில் சிறு செடிகள் தோன்றுவதைப் பலரும் பார்த்திருப்பர். ‘கட்டிப்போட்டால் குட்டிபோடும்’ என்று அதற்கு வழங்கும் பெயரே அதன் இயல்பைச் சொல்லிவிடுகின்றது. ஆனால் எல்லாச் செடிகளின் இலைகளும் இவ்வாறு முளைப்பதில்லை. முளைக்கும் இலைகளிலும் எல்லாப் பகுதிகளும் முளைப்பதில்லை. இலையின் எப்பகுதி புதுச் செடியைத் தரவல்லது என்பதை அறிந்து செய்தாலன்றி முயற்சி பயன் தராது. இவ்வுண்மையை மாணவர்க்கு விளக்குவதற்கு ஏற்றது வீனஸ் ஈப்பொறிச் செடி.

இச்செடி இப்பொழுது நம் பெருநகரங்களில் விலைக்குக் கிடைக்கின்றது. மும்பையில் தாதர், மாதுங்கா, செம்பூர் முதலிய பகுதிகளில் பலகணியும் சன்னல் மேடையுமே தோட்டமாக உள்ள வீடுகளில் வளர்ப்பதற்கு அதன் சிற்றளவு வசதியானது. எனினும், வாங்கிய செடி ஓராண்டு கழியுமுன் மடிந்துபோவது அரிதன்று. காரணம் பெரும்பாலும் மூன்றே: உப்பு மிகுந்த நீர், உரமிட்ட மண், குளிர்கால ஓய்வின்மை. இம்மூன்றையும் நீக்கி, ஒரு செடியைப் பலவாக்கும் முறையை இங்கே காண்போம்.

செடியும் அதன் தாயகமும்

டயோனியா மசிபுலா என்பது இதன் தாவரவியற் பெயர். அமெரிக்க நாட்டின் வட கரோலினா, தென் கரோலினா மாநிலங்களின் கடற்கரையை அடுத்த சதுப்பான மணல்வெளிகளே இதன் இயற்கையான இருப்பிடம். வேறெந்த நாட்டிலும் இது இயல்பாகத் தோன்றியதில்லை. வட கரோலினாவின் ஆளுநராக இருந்த ஆர்தர் டாப்ஸ் 1759ஆம் ஆண்டில் எழுதிய கடிதத்தில் இதனைக் குறிப்பிட்டார். 1768இல் ஜான் எல்லிஸ் இதற்குப் பெயரிட்டார். 1875இல் வெளியான பூச்சியுண்ணும் தாவரங்கள் பற்றிய நூலில் சார்லஸ் டார்வின் இதனை விரிவாக ஆராய்ந்தார்.

இதன் இலை இரு பகுதிகளை உடையது. கீழ்ப்பகுதி, தட்டையாக விரிந்து பச்சை நிறங்கொண்ட இலைக்காம்பு. மேற்பகுதி, கீல் வைத்த இரு மடல்களாலான பொறி. ஒவ்வொரு மடலின் உட்புறத்திலும் பெரும்பாலும் மூன்று உணர்மயிர்கள் உள்ளன. சுமார் 20 வினாடிக்குள் இருமுறை உணர்மயிர் தீண்டப்பட்டால், ஏறத்தாழ ஒரு வினாடியின் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் பொறி மூடிக்கொள்கின்றது. தீண்டலால் மின்துடிப்பு எழுகின்றது என்பதை 1873இல் பர்டன் சாண்டர்சன் அளந்து காட்டினார். நம் நாட்டில் ஜகதீச சந்திர போஸ் தொட்டாற்சிணுங்கியைக் கொண்டு செய்த ஆராய்ச்சிகளும் இத்துறையைச் சார்ந்தவையே.

பூச்சி இச்செடிக்கு முதன்மையான உணவு அன்று. மாவுப்பொருளைப் பிற பச்சைத் தாவரங்களைப் போலவே ஒளியின் உதவியால் இது தானே ஆக்கிக்கொள்கின்றது. தாயகத்து மண்ணில் நைட்ரஜனும் பாஸ்பரமும் மிகக் குறைவு. அக்குறையைப் பூச்சியால் ஈடுசெய்கின்றது. இவ்வொன்றை மனத்திற் கொண்டால் வளர்ப்பு முறை முழுவதும் எளிதில் விளங்கும். வறிய மண்ணுக்கு ஏற்ப அமைந்த வேர், வளமான மண்ணைத் தாங்காது.

வீட்டிலேயே பெருக்குவதன் தேவை

தாயகம் சிறிதாகையாலும், வீடுகளும் சாலைகளும் பெருகியதாலும், விற்பனைக்காகத் தோண்டி எடுத்ததாலும் இச்செடி காட்டில் குறைந்துவிட்டது. அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் 1992ஆம் ஆண்டு முதல் இது இடம்பெற்றுள்ளது. காட்டிலிருந்து இதனைத் திருடுவதை வட கரோலினா அரசு 2014 முதல் கடுங்குற்றமாக ஆக்கியுள்ளது. எனவே, பள்ளிக்குப் பத்துச் செடிகள் வேண்டுமெனில் பத்தையும் விலைக்கு வாங்குவதைவிட, ஓரிரு செடிகளிலிருந்து பெருக்கிக்கொள்வதே முறை.

விதையாலும் பெருக்கலாம். ஆயினும் விதைச்செடி முழு வளர்ச்சி பெற மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் ஆகும். மேலும், பூவும் விதையும் உண்டாக்குவது தாய்ச்செடியை மெலிவிக்கும். இலையிலிருந்து வரும் செடி ஓராண்டேனும் முந்தி வளரும். அது தாயின் பண்புகளை மாறாமல் கொண்டிருக்கும். செந்நிறப் பொறி முதலிய சிறப்பு வகைகளை இம்முறையாலேயே தூய்மையாகக் காக்க முடியும்.

இலையின் எப்பகுதி முளைக்கின்றது

ஈப்பொறிச் செடியை மண்ணிலிருந்து எடுத்துக் கழுவினால், மண்ணுக்குள் சிறு வெங்காயம் போன்ற வெண்மையான பகுதியைக் காணலாம். இது வெங்காயத்தைப் போன்ற தோற்றமுடையதே. உண்மையில் கிடையாக வளரும் குறுகிய மட்டநிலத் தண்டும், அதனைச் சூழ்ந்த இலையடிகளும் சேர்ந்த அமைப்பு. ஒவ்வோர் இலையின் அடியும் வெண்மையாகப் பருத்து, உணவைச் சேமித்து, இத்தண்டுடன் ஒட்டியிருக்கின்றது.

புதுச் செடி பெரும்பாலும் இவ்வெண்ணிற அடியிலிருந்தே தோன்றுகின்றது. அங்குள்ள உயிரணுக்கள் மீண்டும் பிரிந்து பெருகும் ஆற்றலை எளிதிற் பெறுகின்றன. தாய்த்தண்டிலிருந்து பிரிந்தவுடன் அவை வேற்றிட மொட்டுகளாக உருவெடுக்கின்றன. பச்சைநிறக் காம்பும் பொறியும் தத்தம் தொழிலுக்கெனத் தேர்ந்த உறுப்புகள். அவற்றைத் தனியே நட்டால் பெரும்பாலும் அழுகிவிடும். எனவே ‘இலைத்துண்டு’ என்னும் வழக்கு இங்குச் சிறிது பிழைபடப் பொருள் தருகின்றது. கத்தரித்த இலை போதாது. அடியோடு உரித்தெடுத்த இலையே வேண்டும்.

ரணகள்ளியில் மொட்டுகள் இலை விளிம்பிலேயே ஆயத்தமாக இருக்கின்றன. ஈப்பொறியில் அவை அடிப்பகுதியில் புதிதாகத் தோன்றுகின்றன. ஈப்பொறியின் குடும்பத்தைச் சேர்ந்த பனித்துளிச் செடிகளுள் சிலவற்றில் இலைப்பரப்பின் மீதே சிறு செடிகள் முளைப்பதுண்டு. ஒரே குடும்பத்தினுள்ளும் இவ்வேறுபாடு இருத்தலை ஆசிரியர் சுட்டிக்காட்டலாம்.

மொட்டு தோன்றுவதும் வேர் தோன்றுவதும் ஆக்சின், சைட்டோகைனின் என்னும் வளர்ச்சிப் பொருள்களின் விகிதத்தைப் பொறுத்தவை என்பதை 1957இல் ஸ்கூக், மில்லர் ஆகியோர் புகையிலைத் திசுவைக் கொண்டு விளக்கினர். ஆய்வுக்கூடங்களில் நிகழும் திசு வளர்ப்பு இவ்வடிப்படையில் அமைந்தது. நாம் செய்யப்போவது அதன் எளிய வீட்டு வடிவம் எனலாம். இங்குச் செடி தன்னிடமுள்ள வளர்ச்சிப் பொருள்களைக் கொண்டே பணியை முடித்துக்கொள்கின்றது.

தாதரில் ஏற்ற பருவம்

ஈப்பொறிச் செடிக்கு ஆண்டுதோறும் மூன்று மாத அளவில் குளிர்கால ஓய்வு வேண்டும். வட கரோலினாவின் கடற்கரைப் பகுதியில் குளிர்கால இரவுகள் பலவற்றில் உறைபனி நிலவும். பகற்பொழுதும் சுமார் 10 மணி நேரமாகக் குறுகும். மும்பையிலோ ஜனவரி மாதத்துச் சராசரிக் குறைந்த வெப்பநிலை சுமார் 17 முதல் 19 டிகிரி சென்டிகிரேடு; பகலும் 11 மணி நேரத்துக்குக் குறைவதில்லை. ஆகவே செடி உறங்கவேண்டிய காலத்தில் உறங்காமல், சேமித்த உணவைச் செலவிட்டு, ஓரிரு ஆண்டுகளில் நலிவடைகின்றது.

இதற்கு மாற்று, வீட்டிலுள்ள குளிர்பதனப் பெட்டியே. நவம்பர் இறுதியில் செடியை மண்ணிலிருந்து எடுத்து, மழைநீரில் கழுவி, கறுத்த இலைகளை நீக்குக. பிழிந்தெடுத்த ஈரமான ஸ்பேக்னம் பாசியில் சுற்றி, பிளாஸ்டிக் உறையிலிட்டுப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைக்க. பனிக்கட்டி அறையில் வைத்தலாகாது. 3 முதல் 8 டிகிரி வரையிலான வெப்பநிலை ஏற்றது. இருவாரத்திற்கு ஒருமுறை திறந்து, பூஞ்சணம் தோன்றியுள்ளதா என்று பார்த்துவருக.

பிப்ரவரி நடுவில் செடியை வெளியே எடுக்கும் நாளே இலை உரிப்பதற்கும் உகந்த நாள். அப்பொழுது செடி எப்படியும் மண்ணுக்கு வெளியே இருக்கின்றது. இலையடிகளில் உணவு நிறைந்திருக்கின்றது. வரவிருப்பது வளர்ச்சிக் காலம். ஜூன் மாதத்தில் மழை தொடங்குமுன் புதுச் செடிகள் வேர்கொள்ள மூன்றரை மாதத்திற்குக் குறையாத அவகாசமும் கிடைக்கின்றது. மழைக்காலத்தின் மங்கிய ஒளியிலும் மிகுந்த ஈரத்திலும் உரித்த இலைகள் எளிதில் பூஞ்சணம் பிடிக்கும்.

வேண்டிய பொருள்கள்

*நீர்:* மழைநீர் அல்லது காய்ச்சி வடித்த நீரே பாதுகாப்பானது. கரைந்த உப்புகளின் அளவு பத்து லட்சத்தில் 50 பங்குக்கு உட்பட்டிருத்தல் நலம். குழாய் நீரைப் பயன்படுத்துவோர் முதலில் அளவுகருவியால் அளந்து பார்க்க. ஆழ்துளைக் கிணற்று நீரும் வண்டியில் வரும் நீரும் பொதுவாக ஏற்றவை அல்ல.

மும்பையில் ஆண்டு மழை 2,000 மில்லிமீட்டருக்கு மேற்படுவதால் மழைநீருக்குக் குறைவில்லை. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர் சேரும். 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள வாளியின் வாய்ப்பரப்பு சுமார் 0.07 சதுர மீட்டர். ஆகவே 100 மில்லிமீட்டர் மழையில் ஏறத்தாழ 7 லிட்டர் கிடைக்கும். பருவத்தின் முதல் மழைகளை விட்டுவிட்டு, பிறகு வரும் நீரை நேராக வானத்திலிருந்து பிடிக்க. சிமெண்டுக் கூரையிலிருந்து வழியும் நீரில் சுண்ணாம்பு கலந்திருக்கும்.

*நடுபொருள்:* உரம் கலவாத பீட் பாசியும், கழுவிய பெர்லைட்டும் சமபங்காகக் கலந்தது. ஸ்பேக்னம் பாசி மட்டும் கிடைப்பினும் போதும். பெர்லைட்டுக்கு மாற்றாகச் சுண்ணாம்பற்ற பருமணலைப் பலமுறை கழுவிப் பயன்படுத்தலாம். தாதர் சௌபாத்தி முதலிய கடற்கரைகளின் மணல் கூடவே கூடாது. அதில் உப்பும் கிளிஞ்சல் தூளும் உள்ளன. தென்னை நார்த்தூளில் உப்பு மிகுந்திருக்கக்கூடும். வேறு வழியில்லாதபோது அதனைப் பலமுறை மழைநீரில் ஊறவைத்துப் பிழிந்து கொள்க. தோட்டமண், தொழுவுரம், மண்புழு உரம் ஆகியவை இச்செடிக்கு நஞ்சு போன்றவை.

*கலம்:* அடியில் துளையுள்ள பிளாஸ்டிக் தொட்டி. தாராவியின் கும்பார்வாடாவில் வனையப்படும் மண்தொட்டிகள் பிற செடிகளுக்கு நன்று. ஆயினும் சுட்ட மண்ணிலிருந்து உப்புகள் கசியக்கூடுமாதலால் இதற்கு மட்டும் தவிர்க்க. மேலும், மூடுவதற்கு அடிப்பகுதி நீக்கிய ஒளிபுகும் பிளாஸ்டிக் குப்பி, ஆழமற்ற தட்டு, தூய்மையான கத்தரிக்கோல், பெயர்ச்சீட்டு ஆகியவையும் தேவை.

செய்முறை

1. ஏழெட்டு இலைகளேனும் உள்ள நலமான செடியைத் தேர்ந்தெடுக்க. ஒரு செடியிலிருந்து இரண்டு அல்லது மூன்று இலைகளுக்கு மேல் எடுக்க வேண்டா.

2. வேர்ப்பகுதியை மழைநீரில் மெல்ல அலசி, இலையடிகள் தெளிவாகத் தெரியுமாறு செய்க.

3. வெளிச்சுற்றிலுள்ள, முதிர்ந்த ஆனால் கறுக்காத இலையைத் தெரிந்துகொள்க. தாய்த்தண்டை ஒரு கையால் பற்றி, மறு கையால் இலையின் வெண்ணிற அடியைப் பிடித்துக் கீழ்நோக்கியும் வெளிநோக்கியும் மெல்ல உரிக்க. வெள்ளைப் பகுதி முழுமையாக உடன்வருதல் வேண்டும். சிறு வேரும் ஒட்டி வருமாயின் மிகவும் நன்று. இடையில் முறிந்தால் அவ்விலையை நடுவதால் பயன் குறைவு.

4. பொறியைக் கத்தரித்து நீக்கிவிடுக. அது மூடித் திறப்பதில் உணவு வீணாவதும், அழுகிப் பூஞ்சணத்திற்கு இடமாவதும் இதனால் தடுக்கப்படும்.

5. ஈரமாக்கிய நடுபொருளில் இலையைச் சாய்வாக, உட்புறம் மேல்நோக்கியிருக்குமாறு வைத்து, வெள்ளைப் பகுதி மட்டும் அரை சென்டிமீட்டர் அளவுக்குள் மூடப்படுமாறு நடுக. ஆழமாகப் புதைத்தால் அழுகும்.

6. குப்பியால் மூடி, நேர்வெயில் படாத ஒளிமிக்க இடத்தில் வைக்க. கிழக்கு நோக்கிய சன்னல் ஏற்றது. நாள்தோறும் சிறிது நேரம் மூடியை நீக்கிக் காற்றோட்டம் தருக.

7. பெயர்ச்சீட்டில் நாளையும் தாய்ச்செடியின் எண்ணையும் எழுதிவைக்க.

பின்கவனிப்பு

நான்கு முதல் பத்து வாரங்களில், புதைந்த அடியின் அருகே குண்டூசித் தலையளவு பச்சை மொட்டு தோன்றும். அதற்குள் பழைய இலையின் மேற்பகுதி கறுத்துவிடக்கூடும். அதனைக் கண்டு தூக்கியெறிந்துவிட வேண்டா. அடி வெண்மையாகவும் உறுதியாகவும் இருக்கும்வரை நம்பிக்கைக்கு இடமுண்டு. தொட்டால் குழையுமாயின் அதனை அகற்றுக. பூஞ்சணம் கண்டவிடத்துப் பாதித்த பகுதியை நீக்கிக் காற்றோட்டத்தை மிகுதியாக்குக. செம்புச் சேர்மங்கள் அடங்கிய மருந்துகளைத் தெளிக்கலாகாது.

இரண்டு மூன்று இலைகள் விட்டபின் மூடியைப் படிப்படியாக நீக்கி, காலை வெயிலுக்குப் பழக்குக. வளர்ந்த செடிக்கு நாள்தோறும் நான்கு மணி நேரமேனும் வெயில் தேவை. மண்ணில் எவ்வகை உரமும் இடவேண்டா. முதற்குளிர்காலத்தில் இளஞ்செடிகளைக் குளிர்பதனப் பெட்டியில் வைக்காமலும் வளர்க்கலாம். அடுத்த ஆண்டு முதல் ஓய்வு தருக. முழு வளர்ச்சிக்கு இரண்டு முதல் நான்கு ஆண்டுகள் வரை ஆகும்.

பொறிகளை விரலால் தூண்டி மூடச்செய்வதை மாணவர் தவிர்த்தல் வேண்டும். ஒவ்வொரு பொறியும் சில முறைகளே இயங்கவல்லது. வெறுமனே மூடினால் செலவு மட்டுமே மிஞ்சும். வகுப்பில் ஒருமுறை காட்டுதல் போதும்.

கொசுவைப் பற்றிய எச்சரிக்கை

இச்செடி கொசுவை ஒழிக்கும் என்று சொல்லி விற்பாரும் நம்பி வாங்குவாரும் உளர். இது தவறு. தாயகத்தில் இதன் பொறிகளில் மிகுதியாக அகப்படுவன எறும்பு, சிலந்தி, வண்டு முதலியவை. சில பொறிகள் சில பூச்சிகளைப் பிடிப்பதால் ஒரு வீட்டின் கொசுக்கள் குறைந்துவிடமாட்டா.

இதனினும் முக்கியமானது வேறொன்று. இச்செடியின் தொட்டியை ஒரு சென்டிமீட்டர் ஆழ நீருள்ள தட்டில் வைப்பது வழக்கம். டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிட விரும்புவது இத்தகைய சிறு தேக்கங்களையே. மும்பையின் வெப்பநிலையில் முட்டை கொசுவாவதற்கு ஏழு முதல் பத்து நாட்கள் போதும். கொசுவை ஒழிக்க வாங்கிய செடியே கொசுவை வளர்க்க நேரும். எனவே மூன்று நாளைக்கு ஒருமுறை தட்டிலுள்ள நீரைக் கொட்டி, விளிம்புகளை நன்கு தேய்த்துக் கழுவி, புதுநீர் ஊற்றுக. கொசு முட்டை தட்டின் சுவரில் ஒட்டி, காய்ந்த பின்னும் உயிருடன் இருக்கும். ஆதலால் நீரைக் கொட்டுவது மட்டும் போதாது. சேமித்த மழைநீர்க் கலங்களை இறுக மூடிவைக்க. வீடுதோறும் செல்லும் சுகாதாரக் களப்பணியாளர் பூந்தொட்டித் தட்டுகளைப் பார்க்கும்பொழுது இதனையும் சேர்த்து எடுத்துரைத்தல் நன்று.

வகுப்பறைச் சோதனை

வெண்ணிற அடியின் இன்றியமையாமையை மாணவரே கண்டறியுமாறு செய்யலாம். நான்கு தாய்ச்செடிகளைக் கொள்க. ஒவ்வொன்றிலிருந்தும் ஓர் இலையை அடியோடு உரிக்க. இது முதல் வகை. அதே செடியில் மற்றோர் இலையை வெள்ளைப் பகுதிக்கு மேலே கத்தரித்து, பச்சைக் காம்பு இரண்டாம் வகையாகவும், பொறி மூன்றாம் வகையாகவும் கொள்க. மூன்று வகையும் ஒவ்வொரு செடியிலிருந்தும் வருவதால், தாய்ச்செடிகளின் வேறுபாடு முடிவைக் குழப்பாது. எல்லாவற்றையும் ஒரே தட்டில், ஒரே நீர், ஒரே ஒளியில் வைக்க. ஒப்பீட்டிற்காக நான்கு ரணகள்ளி இலைகளையும் அருகில் வைக்கலாம்.

பன்னிரண்டு வாரம் வரை வாரந்தோறும் பச்சையாக உள்ளவை, கறுத்தவை, மொட்டு விட்டவை என எண்ணிக் குறிப்பேட்டில் பதிக. நான்கு இலை என்பது சிறிய எண்ணிக்கை. அதனால் மட்டும் உறுதியான முடிவு கூற இயலாது. மாதுங்கா, தாராவி, செம்பூர் பகுதிகளிலுள்ள பள்ளிகள் ஒரே முறையைப் பின்பற்றித் தத்தம் எண்களைச் சேர்த்துப் பார்ப்பின், முடிவின் உறுதி மிகும். முளைக்காத இலைகளின் எண்ணிக்கையையும் மறைக்காது எழுதச் செய்க. அதுவும் முளைத்தவற்றின் எண்ணிக்கையைப் போலவே சான்றாகும்.

நான்கு தாய்ச்செடிகள் இல்லாத பள்ளிகள் ரணகள்ளியைக் கொண்டே தொடங்கலாம். அதன் இலையை நான்காக வெட்டி, எத்துண்டு முளைக்கின்றது, எங்கு முளைக்கின்றது என்று காண்பதும் நல்ல பாடமே.

நம் நாட்டுப் பூச்சியுண்ணிகள்

ஈப்பொறிச் செடி அயல்நாட்டது. ஆயினும் அதன் உறவினர் நம்மிடையே உளர். தமிழில் அழுகண்ணி என வழங்கும் பனித்துளிச் செடி வகைகள் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் தமிழ்நாட்டின் சில இடங்களிலும் வளர்கின்றன. சாத்தாரா மாவட்டத்துக் காஸ் பீடபூமியில் மழைக்கால இறுதியில் அவற்றையும், நீர்ப்பை கொண்டு சிற்றுயிர்களைப் பிடிக்கும் யூட்ரிகுலேரியா வகைகளையும் காணலாம். 2012இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதிகளுள் காஸும் ஒன்று. மேகாலய மலைகளில் வளரும் குடுவைச் செடி, இந்தியாவுக்குரிய ஒரே நெப்பந்திஸ் இனம், சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது.

மாணவரைச் சுற்றுலா அழைத்துச் செல்லும் ஆசிரியர், இவற்றைப் பார்க்கவும் வரையவும் கற்பிக்க வேண்டும். பிடுங்கி வர இடந்தரலாகாது. பிடுங்கிய செடி நகரத்துத் தொட்டியில் பிழைப்பது அரிது. அது இருந்த இடத்திலும் ஒன்று குறையும். வளர்த்துப் பார்க்கும் ஆவலுக்கு, வீட்டிலேயே பெருக்கிய ஈப்பொறிச் செடிகள் போதுமானவை. ஒரு பள்ளி இவ்வாண்டு பெருக்கிய செடிகளில் இரண்டைப் பக்கத்துப் பள்ளிக்கு அளித்தால், அங்கும் அடுத்த ஆண்டு இலை உரிக்கலாம். காட்டிலிருந்து ஒரு செடியும் குறையாமல் பாடம் மட்டும் பரவும்.

மாணவர்க்கு வினாக்கள்

1. ரணகள்ளி இலையும் ஈப்பொறி இலையும் முளைக்கும் இடத்தால் எவ்வாறு வேறுபடுகின்றன?

2. 24 சென்டிமீட்டர் விட்டமுள்ள வாளியில் 50 மில்லிமீட்டர் மழையால் எத்தனை லிட்டர் நீர் சேரும்?

3. வளமான மண் பிற செடிகளுக்கு நன்மையாகவும் ஈப்பொறிக்குத் தீமையாகவும் இருப்பது ஏன்?

4. சோதனையில் ஒவ்வொரு தாய்ச்செடியிலிருந்தும் மூன்று வகைத் துண்டுகளையும் எடுப்பதன் காரணம் யாது?